வீரமுத்துவுக்கு நான் எழுதிய கடைசி அத்தியாயம்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிய நண்பனுக்கு வழியனுப்புப் பரிசாக, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன் காய்ச்சலில் செத்துப்போகிற நாவலைக் கொடுத்தவன் நான்.

நானூற்றுச் சொச்சம் பக்கம். பிரவுன் தாளில் அட்டை போட்டு, உள்பக்கம் ‘அன்புடன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மற்றவர்கள் விவரமானவர்கள். ஒருவர் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார். ஒருவர் பருப்புப் பொடி. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். மல்லாட்டை உருண்டை மட்டும் மூன்று வீடுகளிலிருந்து வந்தது. மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் ஒரு குப்பி வந்தது. இத்தனைக்கும் நடுவில் என் பிணம் விழுகிற புத்தகம்.

அந்த முட்டாள்தனத்தைச் சரிக்கட்ட நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம்தான் இந்த வாரக் கட்டுரைக்கானது. முதலாவதை விட அது பெரிது.

கிளாசிக் என்றால் என்ன

ஒரு மத்தியானம். கரண்ட் போயிருந்தது. கரண்ட் இல்லாத ஜெராக்ஸ் கடைக்காரனைப் போல வெட்டியானவன் உலகத்தில் கிடையாது. லேமினேஷன் போட்ட யாருடைய சாதிச் சான்றிதழாலோ விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அருள்தாஸ் பைக்கை வெயிலிலேயே போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“டேய் பலராமா, இன்னா புக்குடா அது?”

“எது?”

“நீ குடுத்தியே, கப்பல் புக்கு. அதுல வீரமுத்துன்னு ஒருத்தன் வர்றானே, அவன் கடைசில இன்னா ஆவறான்?”

எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அருளும் நானும் ஒரே பெஞ்சு. பத்தாவதில் துணைப்பாடத்தைப் பிரிக்காமலே பாஸ் பண்ணியவன் அவன். அவன் நாவல் படிக்கிறான் என்றால் அந்தப் புண்ணியம் எனக்குத்தானே.

“எதுவரைக்கும் படிச்சிருக்க?”

“நான் எங்கடா படிச்சேன். வூட்டுல ஜெயா படிக்குது. தினம் சாயந்திரம் பாலு அளந்துட்டு வந்து ஒக்காந்துக்குது. ஒலை கொதிக்கிறது கூடத் தெரியல.”

“நல்லதுதான.”

“இன்னா நல்லது? முந்தாநேத்து சொல்லிட்டா. வீரமுத்து உசுரோட ஊரு திரும்புனா நானும் போலாமாம். அவன் செத்துட்டா நானும் போவக்கூடாதாம். முடிவா சொல்லிட்டா.”

விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“சொல்றா. பொழைக்கிறானா?”

நான் ராஜகிரியைப் பார்த்தேன். என் கடையிலிருந்து பார்த்தால் எதிர்க்கடை போர்டுக்கு மேலே அந்தக் கோட்டை மலையின் தலை மட்டும் தெரியும். சங்கடம் வந்தால் அதைப் பார்ப்பது என் வழக்கம். அது ஒருநாளும் எனக்கு உதவியதில்லை.

“அது கிளாசிக்குடா,” என்றேன்.

“அப்டின்னா?”

“செத்துடுவான்னு அர்த்தம்.”

கடையும் கண்ணீரும்

என் கடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நகர முடியாது. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்து. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று போர்டில் நாலு வரி. வல்லம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேரை விமானம் ஏற்றியது என் கீபோர்டுதான் என்று பெருமை அடித்துக்கொள்வேன். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விழுப்புரம் ரயில் நிலையத்தில் எதிர்த் திசை வண்டியில் ஏறி, தப்பாகப் போய்ச் சேர்ந்த ஊர்தான் நான் பார்த்த வெளிநாடு.

ஆனால் புத்தகத்தில் நான் போகாத தேசம் இல்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களின் கதை என்றால் எனக்கு உயிர். கடல் தாண்டித் தோட்டத்துக்குப் போனவர்கள், மலையேறி இலை கிள்ளியவர்கள், பஞ்சத்தில் சட்டி பானையோடு கிளம்பியவர்கள், பனி கொட்டுகிற ஊரில் பாஷை தெரியாமல் நின்றவர்கள். தமிழோ மொழிபெயர்ப்போ, தடியாக இருந்தால் வாங்கிவிடுவேன்.

நிறையப் படித்ததில் சில விஷயங்கள் பிடிபட்டன. ஆள் பிடிக்கிறவன் முதலில் சிரித்த முகமாகத்தான் வருவான். மூன்றாம் அத்தியாயத்தில் லேசாக இருமுகிறவன் நடுப்பக்கம் தாண்டமாட்டான். ஊரிலிருந்து வருகிற கடுதாசி ஒருநாள் பிந்தித்தான் வரும். இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த இடங்கள் வந்தால் அழுதுவிடுவேன். அழுகிற இடத்தில் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைப்பேன். ‘ஐயோ’, ‘பாவி’, ‘இவன் விளங்குவானா’ என்கிற மாதிரி.

என் மனைவி சாந்திக்கு இதில் ஒரு பழைய கோபம் உண்டு. “பக்கத்து வூட்டு மனுஷன் கால ஒடச்சிக்கினு கெடந்தப்ப எட்டிக்கூடப் பாக்கல. எவனோ கப்பல்ல போனதுக்கு மூக்கச் சிந்துறாரு,” என்பாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவள் கேள்வியாகவே கேட்பதில்லை. அதுதான் அவளிடம் உள்ள வசதி.

அந்தக் கப்பல் புத்தகம் திண்டிவனத்தில் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. அட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் இல்லை. எழுதியது யார், தலைப்பு என்ன என்று இன்றுவரை தெரியாது. மானாவாரி நிலம் காய்ந்துபோன வீரமுத்து, இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறுகிறான். கரும்புத் தோட்டம். அங்கே இரண்டு ஐந்தாகிறது, ஐந்து ஒன்பதாகிறது. கடைசியில் காய்ச்சல் கொட்டகையில், பெண்டாட்டி எழுதிப் போட்ட கடிதம் பிரிக்கப்படாமல் தலைமாட்டில் கிடக்க, செத்துப்போகிறான்.

மூன்று தடவை படித்து மூன்று தடவையும் அழுதேன். அவ்வளவு நல்ல புத்தகத்தை, வெளிநாடு போகிற நண்பனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று நினைத்தேன். கொடுக்கும்போது அதில் ஒருவன் சாகிறான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நடை அவ்வளவு அழகு.

பூக்கட்டிப் பார்ப்பது போல

எங்கள் பக்கம் ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்றால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி. அருள் குடும்பத்தின் ஊர் வல்லத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கத்தோலிக்கக் கிராமம். அவர்கள் பைபிளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, விரல் படுகிற வசனத்தைப் பார்ப்பதுண்டு. அருள் பெண்டாட்டி ஜெயமேரி என்ன செய்தாள் என்றால், நான் கொடுத்த நாவலைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

ஜெயமேரி அந்த ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள். காலையும் சாயந்திரமும் வரிசையில் நிற்கிற தூக்குகளில் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்து, ‘பெரிப்பா, உங்க மாடு கெணத்துல எறங்கி நின்னுச்சா’ என்று கேட்கிற வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம். என்னை அண்ணா என்பாள்.

அருள் ஏசி மெக்கானிக். நல்ல வேலைக்காரன். ஆனால் செஞ்சியில் ஏசி மெக்கானிக்குக்கு நாலு மாதம்தான் வேலை. மற்ற எட்டு மாதம் மிக்ஸி, கிரைண்டர், மாவு அரைக்கிற மெஷின். ‘தொழில் மறந்துபுடும்டா’ என்று அடிக்கடி சொல்வான். அப்போதுதான் துபாய் வேலை வந்தது. எங்கள் ஊரில் எல்லா வளைகுடா நாட்டுக்கும் துபாய் என்றுதான் பேர். ஏஜென்ட், ஏசி மெக்கானிக் வேலைதான் என்று சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு வாரத்தில் விமானம். இந்த நேரத்தில் வீரமுத்து குறுக்கே வந்து படுத்துவிட்டான்.

“எவ்வளவு பாக்கி வச்சிருக்கா?” என்றேன்.

“கடைசில கொஞ்சந்தான். காச்ச வந்து கொட்டாய்ல தூக்கிப் போட்டுட்டாங்களாம்.”

“அப்ப இன்னும் இருபது பக்கம்.”

அருள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கவுண்டரில் வைத்தான். “மாத்தி எழுதிடு.”

“இன்னாத்த?”

“முடிவ. நீதான டைப் அடிக்கிறவன்.”

“டேய், அது இலக்கியம்டா.”

“தாசில்தாருக்கே மனு எழுதுற. செத்தவன் ஒருத்தனப் பொழைக்க வைக்க முடியாதா ஒன்னால?”

இங்கே நான் கோபப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. வீரமுத்துவைக் கொன்ற அந்தப் பெயர் தெரியாத எழுத்தாளர் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு வருத்தம். கையில் கிடைத்தால் ஒரு மனுவாவது கொடுத்திருப்பேன்.

டீத்தூளில் ஊறிய இலக்கியம்

தையல் விட்டுப்போச்சு, பலராமன் சரி பண்ணித் தருவான் என்று சொல்லி அருள் புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டான். ஜெயமேரி பால் சொசைட்டிச் சீட்டு ஒன்றை அடையாளம் வைத்திருந்தாள். அதற்குப் பின்னால் இருந்த இருபது பக்கத்தை பிளேடால் வெட்டி எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். பிறகு எழுதினேன். இரண்டு நாள். பதினோரு பக்கம்.

என்ன எழுதினேன் என்று கேட்கிறீர்களா? பச்சிலைச் சாற்றில் வீரமுத்து கண் விழித்தான். பெண்டாட்டியின் கடிதத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டான். கங்காணி மனம் மாறி, அழுது, மன்னிப்புக் கேட்டான். கப்பல் வந்தது. ஊரில் ஏரி நிரம்பியது. பஸ்ஸை விட்டு இறங்கிய வீரமுத்து ஏரிக்கரை மேலே ஓடிவந்தான். பெண்டாட்டி எதிரே ஓடிவந்தாள். ஒரு பக்கத்துக்கு அவளைப் பேசவும் வைத்தேன்.

பதினைந்து வருஷம் மனு டைப் அடித்த கை. முதல் தடவை படித்துப் பார்த்தபோது ‘மேற்படி வீரமுத்து ஆகிய அவன்’ என்று இருந்தது. கங்காணி, ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து’ என்று ஆரம்பித்தான். கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தினேன். எல்லாம் கண்ணில் படவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

எழுத்து பழசாகத் தெரிய, ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தேன். தாள் பழசாகத் தெரிய, டீ டிக்காஷனில் நனைத்து மாடியில் காயப் போட்டேன். கோட்டைக் குரங்குகள் எங்கள் மாடிகளையும் கோட்டையில்தான் சேர்த்திருக்கின்றன. ஒன்று வந்து, வீரமுத்து கப்பலேறுகிற பக்கத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தது. முகர்ந்தது. ஓரத்தை நக்கியது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலாகக் கிழித்துப் போட்டது. என் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனம் அது. அந்தப் பக்கத்தை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, நனைத்துக் காயவைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து ஒட்டினேன்.

மூன்று நாள் சத்தமில்லை. நாலாம் நாள் அருள் போன் பண்ணினான்.

“படிச்சிட்டா.”

“இன்னா சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. சிரிச்சா.”

ஜெயித்த கதையைச் சாந்தியிடம் சொன்னேன். “சிரிச்சாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கியிருக்கலாம்.

இரண்டு கால் விரல்

மறுநாள் பதினோரு மணிக்கு ஜெயமேரி கடைக்கு வந்தாள். காலைப் பாலை அனுப்பிவிட்டு நேராக வருகிறாள் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

“டீ குடிச்சிக்கினே எழுதுனீங்களாண்ணா?”

“இன்னாம்மா?”

புத்தகத்தின் பின்பகுதியை மூக்கருகே கொண்டுபோனாள். “இந்தப் பதினோரு பக்கமும் டீ வாசன. மத்தது பூரா பழைய பேப்பர் வாசன. தெனம் நூறு வீட்டுப் பால மோந்து பாக்கறவ நான்.”

“பழைய புக்கும்மா. எவனாவது டீயக் கொட்டியிருப்பான்.”

“சரி. பத்தொம்பதாம் அத்தியாயத்துல வீரமுத்து கால்ல மம்புட்டி பட்டு ரெண்டு வெரலு போச்சு. அதுக்கப்பறம் அவன் ஓடவே இல்ல. நொண்டிக்கினுதான் நடக்கறான். கடைசில ஏரிக்கர மேல ஓடியாறான்.”

“அது சந்தோஷத்துல ஒரு…”

“வெரலு மொளச்சிடுச்சா?”

நான் ராஜகிரியைப் பார்த்தேன்.

“கெளம்பறப்ப மாட்டு வண்டில போனவன், அதுவும் ரெண்டு நாளு. வர்றப்ப பஸ்ஸுல வந்து எறங்கறான். அது போவட்டும். அவன் பொண்டாட்டி நாப்பது அத்தியாயமா வாயே தொறக்காதவ. இங்க ஒரு பக்கம் நிக்காம பேசறா. அதுவும் ‘தங்கள் நல்வரவை எதிர்நோக்கி’ன்னு. எந்தப் பொண்டாட்டிண்ணா அப்டிப் பேசறா? சாந்தி அண்ணி பேசுதா?”

சாந்தி அப்படிப் பேசினால் நான் ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப்போவேன்.

“அவன் செத்துட்டானா?” என்றாள்.

டிராயரைத் திறந்து இருபது பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து படித்தாள். ஒரு அம்மா ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள், எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் ஆதார் அட்டையோடு வந்தார், அவரும் போனார். ஜெயமேரி கடைசிப் பக்கத்தை முடித்து, தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“நீங்க இதுக்கு அழுதீங்களா?”

“மூணு தடவ.”

தலையை ஆட்டிக்கொண்டாள்.

“தப்பா நெனைக்காதம்மா. செத்தா போவக்கூடாதுன்னு நீ சொன்னியாம். அதான்…”

“நான் போவாதன்னா அவரு கேப்பாரா? நான் பேசறது அவருக்கு மிக்ஸி சத்தம் மாதிரி. புக்கு சொல்லுதுன்னா ஒரு நாளாவது நின்னு யோசிப்பாருன்னு பாத்தேன். யோசிக்கல. ஒங்ககிட்ட ஓடியாந்தாரு. நீங்களும் யோசிக்கல.”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாலாம் அத்தியாயம்

“நான் அவன் சாவறானா பொழைக்கறானான்னு பாக்கப் படிக்கலண்ணா,” என்றாள். “எங்க தப்பு பண்ணான்னு பாக்கப் படிச்சேன்.”

சொசைட்டிச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். பேனாவில் பொடிப்பொடியாக எழுதியிருந்தாள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கைநாட்டு வைத்தது. ஊருக்குத் திரும்புகிற சீட்டைக் கங்காணி கையில் கொடுத்தது. கூட வந்தவன் வேறு தோட்டத்துக்குப் போனபோது பேசாமல் இருந்தது. காய்ச்சல் என்று மூன்று நாள் யாரிடமும் சொல்லாதது. நான் அழுத இடங்கள்தான் அத்தனையும். ஒவ்வொன்றிலும் அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்திருந்தாள். நான் ‘ஐயோ’வோடு நின்றுவிட்டேன்.

பிறகு நாலாம் அத்தியாயத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினாள். ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: ‘அடப்பாவி, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரிடம் கேட்டிருக்கக் கூடாதா?’

“இது நீங்க எழுதனதுதான?”

“ஆமா.”

பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள். அருளின் வேலை ஒப்பந்தம். இங்கிலீஷ். நாலு பக்கம்.

“இதுவும் இங்க எடுத்ததுதான?”

ஆமாம். மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தவன் நான். எழுத்து பளிச்சென்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். பின் அடித்து, நேராக இருக்கிறதா என்றும் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்தப் பதினைந்து வருஷத்தில் இதுமாதிரி எத்தனை காப்பி எடுத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

“எனக்கு இங்கிலீஷு தத்தக்கா பித்தக்காதான். நீங்க படிச்சித் தமிழ்ல சொல்லுங்க. ஒரு வரி உடாம.”

படித்தேன். வேலை என்கிற இடத்தில் ஏசி என்ற வார்த்தையே இல்லை. பொதுத் தொழிலாளி என்று இருந்தது. கம்பெனி எந்த வேலை கொடுத்தாலும், எந்த இடத்துக்கு அனுப்பினாலும் போக வேண்டும். இரண்டு வருஷம் என்று ஏஜென்ட் சொன்னது மூன்று வருஷமாக இருந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கும். நடுவில் திரும்பினால் எல்லாச் செலவும் அவனுடையது.

பாஸ்போர்ட் விஷயம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நாவல் என்றால் அந்த இடத்தில் பென்சிலை எடுத்திருப்பேன்.

“அவருக்குப் போன் போடுங்க,” என்றாள் ஜெயமேரி.

அருள் வந்தான். மறுபடி ஒருமுறை படித்துக் காட்டினேன். அவன் முகம் கறுத்துவிட்டது. கோபம் ஏஜென்ட் மேலே போகாமல் என் மேல் வந்தது. “எல்லாரும் இப்டித்தான்டா போறாங்க. காயிதத்துல இருக்கறதெல்லாம் பாத்தா எவன் போவ முடியும்? அங்க போனா அனுசரிச்சிக்கலாம்.”

“வீரமுத்தும் அதேதான் சொன்னான்,” என்றாள் ஜெயமேரி. “அஞ்சாம் அத்தியாயம்.”

“அவன் கதைல வர்றவன்டி.”

“நீங்க எதுல வர்றீங்க?”

அருள் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிளம்பியவன் போகவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டி மேலே வெயிலில் உட்கார்ந்திருந்தான். ஜெயமேரி உள்ளே உட்கார்ந்திருந்தாள். நடுவில் நான், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சும்மா ஜெராக்ஸ் எடுத்தேன். கால் மணி நேரம் கழித்து அவன் வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல் கேட்டான்.

“பாஸ்போர்ட்டு ஏஜென்ட்டுகிட்ட இருக்குது. குடுப்பானா?”

திரும்பி வந்தது

மறுநாள் இரண்டு பேரும் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். அடுத்த வாரம் வாங்க என்றாராம். ஜெயமேரி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வேலை கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், “ஒங்க காயிதத்துல இன்னா வேலன்னு போட்டிருக்குது, படிச்சிப் பாத்தீங்களா?” என்று அன்பாக விசாரித்திருக்கிறாள். நாலாவது ஆளிடம் கேட்கும்போது பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. சாயந்திரப் பாலுக்கு ஊர் திரும்பிவிட்டார்கள்.

அருள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, எதுவும் நடக்காதது போல என் கடை ஃபேனைக் கழற்றி எண்ணெய் போட்டுவிட்டுப் போனான். அது எங்கள் சமாதானம்.

பத்து மாதம் கழித்து வேறொரு இடம் வந்தது. ஏசி மெக்கானிக் என்றே எழுதியிருந்தது. ஜெயமேரி கொண்டுவந்தாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் வரி வரியாகச் சொன்னேன். ஒரு இடத்தில் ‘இது சாதாரணமா எல்லாத்துலயும் போடறதும்மா’ என்று தாண்டப் பார்த்தேன். ‘நில்லுங்க’ என்றாள். நின்றேன். அந்த முறை மல்லாட்டை உருண்டைதான் கொடுத்தேன்.

வீரமுத்து மாதிரி அருள் சாகவில்லை. ஆனால் எல்லாம் சுகம் என்றும் சொல்லமாட்டேன். ஒரு அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். வெயிலில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி, அடுத்தவர் வீட்டைக் குளிர வைக்கிற வேலை. அவன் நைனா இறந்தபோது வர முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஜெயமேரி ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் போனுமாக நின்று, மண் போடுகிற வரைக்கும் காட்டினாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. போனில் அவன் முகம் அசையாமல் நின்றுவிட்ட ஒரு நிமிஷம், அது சிக்னலா அவனா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று என்னிடம் பென்சில் இல்லை. இருந்தாலும் ஓரத்தில் எழுத எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

அதற்குப் பிறகு என் கடைக்கு ஒப்பந்தம் என்று எந்தக் காகிதம் வந்தாலும் படித்துவிட்டுத்தான் மெஷினில் வைக்கிறேன். “ஜெராக்ஸு போடறதுக்கு எதுக்குய்யா படிக்கற?” என்று எரிச்சல்படுகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அவன் கடையில் கூட்டம். நாலு பேர் மட்டும் இதுவரை காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ‘கேட்டுட்டு வர்றேன்’ என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். நாலு என்பது என் கணக்குக்குப் பெரிய எண்.

போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். அருள் விடுமுறை முடிந்து கிளம்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஜெயமேரி இப்போது சொசைட்டியின் செயலாளர். கப்பல் புத்தகம் அங்கே மேஜை டிராயரில் இருக்கிறது. வெட்டிய இருபது பக்கத்தைத் திரும்ப ஒட்டியிருக்கிறாள். என் பதினோரு பக்கத்தையும் எறியாமல் அதற்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். பால் ஊற்ற வருகிற பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வாங்கிப்போய்ப் படிக்கிறார்களாம். இரண்டு முடிவையும்.

எழுத்தாளன் என்று ஒருவன் எத்தனை வருஷமானாலும் அடங்கமாட்டான். சுற்றிலும் தூக்கோடு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள் என்பதைக் கூடப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

“ஒளிக்காம சொல்லும்மா. வீரமுத்துவுக்கு நான் எழுதன முடிவு எப்டி இருந்துச்சு?”

அவள் மானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவன் செத்ததே நல்லா இருந்துச்சுண்ணா.”